ஒரு முனையில் மட்டும் புவித்தொடுப்புள்ள வடத்தின் திரையில் 41 அம்பியர் ஓடுவதாக நிரல் காட்டுகிறது: எங்கே பிழை விட்டேன்?

பரந்தன் மாணவி எழுதியது:

வணக்கம். நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பொறியியற் பீடத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். நிலக்கீழ் வடங்களில் ஏற்படும் மின் இழப்பைக் கணினியில் கணிப்பது எனது செயற்றிட்டம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். எனது கைக்கணக்கும் நிரல் தரும் விடையும் கிட்டவும் நெருங்கவில்லை. இந்தத் துறையில் பழகிய அண்ணன்மாரும் ஆசிரியர்களும் இங்கே இருப்பதால், செய்த எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மன்னார்த் தீவிலுள்ள காற்றாலைப் பூங்காவைப் பார்த்த பிறகுதான் இந்தத் தலைப்பைத் தெரிவுசெய்தேன். அங்கே ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட் திறனுள்ள 30 சுழலிகள் உள்ளன, மொத்தம் 103.5 மெகாவாட். அப்படிப்பட்ட ஒரு சுழலி முழுத்திறனில் ஓடும்போது 33 கிலோவோல்ட்டில் ஏறத்தாழ 60 அம்பியர் தருகிறது. ஒரே வடத்தில் ஏழு சுழலிகளைத் தொடுத்தால் 420 அம்பியர் வரும். அதைச் சுற்றி 400 அம்பியர் என்று எடுத்துக்கொண்டேன். அங்கு புதைத்திருக்கும் வடத்தை நான் பின்பற்றவில்லை; கீழுள்ள அளவுகள் யாவும் பயிற்சிக்காக நானே வகுத்தவை.

ஒற்றை உள்ளக வடங்கள் மூன்று, ஒன்றையொன்று தொட்டபடி முக்கோணமாக அடுக்கப்பட்டுள்ளன. கடத்தி 400 சதுர மில்லிமீற்றர் செம்பு, விட்டம் 23.5 மில்லிமீற்றர். எக்ஸ்.எல்.பி.ஈ. (குறுக்குப்பிணைப்புள்ள பொலித்தீன்) காவலியின் தடிப்பு 8 மில்லிமீற்றர். அதன் மேல் 35 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பித் திரை (காவலியைச் சுற்றிய உலோகப் போர்வை), சராசரி விட்டம் 44 மில்லிமீற்றர். வெளியுறையோடு வடத்தின் விட்டம் 50 மில்லிமீற்றர். திரை ஒரு முனையில் மட்டும் புவிக்குத் தொடுக்கப்பட்டுள்ளது.

டேவிட் மீக்கர் உருவாக்கிய, இலவசமாகக் கிடைக்கும், காந்தப்புலத்தைக் கணிக்கும் ஃபெம் நிரலைப் பயன்படுத்துகிறேன். நீள அலகு மில்லிமீற்றர், மீடிறன் 50 ஹேர்ட்ஸ். கடத்தியை 23.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள திண்ம வட்டமாக வரைந்து, செம்பின் கடத்துதிறனாக மீற்றருக்கு 58 மெகா சீமென்ஸ் கொடுத்தேன். திரையின் கம்பிகளைத் தனித்தனியே வரையாமல் 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள வளையமாக வரைந்தேன். அந்த வளையத்தின் பரப்பு 138 சதுர மில்லிமீற்றர் வருவதால், தடை மாறாமலிருக்கக் கடத்துதிறனை 14.7 ஆகக் குறைத்தேன். 150 மில்லிமீற்றர் ஆரையில் ஒரு வட்டம் போட்டு அதை எல்லையாக வைத்தேன்.

கைக்கணக்கு இது. சர்வதேச மின்தொழினுட்ப ஆணையத்தின் (ஐ.ஈ.சி.) 60228 ஆம் நியமத்தின்படி இக்கடத்தியின் நேரோட்டத் தடை 20 பாகையில் கிலோமீற்றருக்கு 0.0470 ஓம். 90 பாகைக்கு மாற்றினால் 0.0599. ஐ.ஈ.சி. 60287 இன் சூத்திரங்களால் தோல் விளைவுக்கு (ஆடலோட்டம் கடத்தியின் மேற்பரப்பை நோக்கி ஒதுங்குவது) 2.2 சதவீதமும் அண்மை விளைவுக்கு (பக்கத்துக் கடத்திகளின் புலத்தால் ஒதுங்குவது) 2.0 சதவீதமும் கூட்டினேன். 400 அம்பியரில் ஒரு கடத்தியில் மீற்றருக்கு 10.0 வாட் இழப்பு வருகிறது. நிரலோ 0.0035 வாட் என்கிறது.

இரண்டாவது சிக்கல் என்னை இன்னும் குழப்புகிறது. திரை ஒரு முனையில் மட்டுமே புவித்தொடுப்புள்ளது, மறுமுனை திறந்திருக்கிறது. சுற்று மூடப்படாத இடத்தில் மின்னோட்டம் எப்படி ஓடும்? ஆனால் நிரல் ஒவ்வொரு திரையிலும் 41.7 அம்பியர் ஓடுவதாகக் காட்டுகிறது.

மெஷ்ஷை (நிரல் படத்தைப் பிரிக்கும் முக்கோண வலையை) நுணுக்கினால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். முக்கோணங்கள் பல இலட்சமாகும் வரை நுணுக்கிப் பார்த்தேன். விடையின் மூன்றாம் இலக்கம்கூட அசையவில்லை. இலவச நிரலை நம்ப முடியாது, விலைகொடுத்து வாங்கும் நிரலில் செய் என்றும் சொன்னார்கள். அதற்கு எனக்கு வசதியில்லை. அதுதான் காரணம் என்று மனமும் ஏற்கவில்லை. தயவுசெய்து வழிகாட்டுங்கள்.


வவுனியா மின்பணி எழுதியது:

தங்கச்சி, விவரத்தை ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். கேள்வி இப்படி வந்தால்தான் விடை சொல்ல முடியும். நான் களத்தில் வடம் இழுப்பவன், கணினியில் உங்கள் அளவுக்குத் தேர்ச்சி இல்லை. வன்னியில் பெரும்பாலும் தூண்களில் போகும் மேல்நிலைக் கம்பிகள்தான். 33 கிலோவோல்ட் வடத்தைப் புதைக்கும் வேலை எப்போதாவதுதான் கிடைக்கும். ஆகவே இப்படி ஒரு செயற்றிட்டத்தை நம் பிள்ளை ஒருவர் எடுத்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

மெஷ்ஷைப் பற்றி இனிக் கவலைப்பட வேண்டாம். 50 ஹேர்ட்ஸில் செம்பின் தோல் ஆழம் 9.3 மில்லிமீற்றர், உங்கள் கடத்தியின் ஆரை 11.75. தோல் ஆழத்துக்குள் நாலைந்து முக்கோணங்கள் இருந்தாலே போதும், நீங்கள் அதை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். எல்லை வட்டம் சற்று நெருக்கம். வடக்கூட்டத்தின் ஆரை ஏறத்தாழ 54 மில்லிமீற்றர் வருகிறது. அதன் ஐந்து மடங்கு தூரத்தில் எல்லையை வைப்பது வழக்கம். 300 ஆக்கிப் பாருங்கள். ஆனாலும் சமநிலையான மூன்று கட்டங்களின் காந்தப்புலம் தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப விரைவாகத் தேய்ந்துவிடும் என்பதால் இது ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபாட்டைத் தராது.

ஒன்று கேட்கிறேன். மூன்று கடத்திகளுக்கும் 400, 400, 400 என்றே கொடுத்தீர்களா, அல்லது கட்டக்கோணத்தோடு கொடுத்தீர்களா? முதலாவது என்றால் மூன்றும் ஒரே கட்டத்தில் 1200 அம்பியராகச் சேர்ந்துவிடும்.


பரந்தன் மாணவி எழுதியது:

நன்றி அண்ணா. கட்டக்கோணத்தோடுதான் கொடுத்தேன்: ஒன்றுக்கு 400, மற்ற இரண்டுக்கும் சிக்கலெண்ணாக −200 − 346.4i, −200 + 346.4i. கூட்டினால் பூச்சியம் வருகிறது. எல்லையை 300 ஆக்கினேன், விடை மாறவில்லை.


முள்ளியவளை ஆசிரியர் எழுதியது:

மகள், உங்கள் முதலாவது சிக்கலை மட்டும் நான் எடுக்கிறேன். இரண்டாவதற்கு என்னைவிட நன்றாக விடை சொல்லக்கூடியவர் மன்னாரில் இருக்கிறார். அவர் இதைப் பார்ப்பார்.

10.0 இற்கும் 0.0035 இற்கும் இடையில் ஒரு பிழைதான் இருக்கும் என்று தேடினால் கண்டுபிடிக்க மாட்டீர்கள். உங்கள் எண்களை நானும் போட்டுப் பார்த்தேன். நான்கு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்க மிக எளிய வழி, மீடிறனைப் பூச்சியமாக்கிவிடுவது. நேரோட்டத்தில் தோல் விளைவில்லை, அண்மை விளைவில்லை, தூண்டலில்லை. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்குவது மட்டும்தான் மிஞ்சுகிறது. அந்தக் கணக்கு கைக்கணக்கோடு இலக்கத்துக்கு இலக்கம் பொருந்தாத வரை 50 ஹேர்ட்ஸுக்குப் போகவே கூடாது என்பது நான் மாணவர்களுக்கு விடாமல் சொல்வது.

ஒரு கடத்தியில் 400 அம்பியர் கொடுத்து, மீடிறன் பூச்சியத்தில் ஓட்டுங்கள். 0.00636 வாட் என்று வரும். கைக்கணக்கில் 20 பாகைத் தடையான 0.0470 ஐக் கொண்டு பார்த்தால் மீற்றருக்கு 7.52 வாட் வரவேண்டும். முதலில் கண்ணில் படுவது ஆயிரம் மடங்கு. நிரலின் முதற் படிவத்தில் ஆழம் என்றொரு கட்டம் இருக்கிறது. அதில் 1 என்று இருக்கும். நீங்கள் நீள அலகை மில்லிமீற்றர் என்று தெரிந்ததால் அந்த 1 உம் ஒரு மில்லிமீற்றர் ஆகிவிட்டது. அதாவது ஒரு மில்லிமீற்றர் நீளமான வடத்துண்டின் இழப்பைத்தான் வாசித்திருக்கிறீர்கள். ஆழத்தை 1000 ஆக்கினால் 6.36 வாட் கிடைக்கும்.

இனி 6.36 இற்கும் 7.52 இற்கும் இடையிலுள்ள வேறுபாடு. இதற்குக் கணினியை விட்டு ஒரு வடத்துண்டைக் கையில் எடுக்க வேண்டும். எங்கள் தொழில்கூடத்தில் இப்படியொரு 400 சதுர மில்லிமீற்றர்த் துண்டு கிடக்கிறது. வாள்கொண்டு நேராக அறுத்து, அறுத்த முகத்தை நீர் ஊற்றி நுண்ணிய அரத்தாளில் தேய்த்தேன். கம்பிகள் நெருக்கி அழுத்தப்பட்டுப் பலகோணங்களாகச் சப்பையாகியிருந்தாலும், அவற்றுக்கு இடையில் கறுப்புக் கோடுகளாக இடைவெளிகள் தெளிவாகத் தெரிந்தன. வெளி ஓரத்தில் மாத்திரம் அவை சிறு முக்கோணங்களாக அகன்றிருந்தன. விட்டத்தை வேணியர் இடுக்கிமானியால் அளந்து பரப்பைக் கணித்தால் 400 ஐவிடக் கூடுதலாக வருகிறது. உங்கள் வட்டத்திலும் அதுவே நடந்திருக்கிறது: 23.5 மில்லிமீற்றர் விட்டத்துக்குப் பரப்பு 434 சதுர மில்லிமீற்றர். அது முழுவதையும் இடைவெளியற்ற தூய செம்பாக்கிவிட்டீர்கள். போதாததற்கு, கம்பிகள் முறுக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு கம்பியும் வடத்தைவிடச் சற்று நீளம். அதோடு, 400 என்பது பெயரளவான பரப்புத்தான். நியமம் கட்டுப்படுத்துவது தடையை. 0.0470 ஓமைத் தரும் தூய செம்பின் பரப்பு 367 சதுர மில்லிமீற்றர்தான் என்பதைக் கணித்துப் பாருங்கள்.

திரைக்கு இந்தத் திருத்தத்தை நீங்களாகவே செய்திருக்கிறீர்கள். வளையத்தின் பரப்பு கூடியபோது கடத்துதிறனைக் குறைத்தீர்கள். அதையே கடத்திக்கும் செய்யுங்கள். விட்டத்தை 23.5 ஆகவே விட்டுவிட்டு, மீற்றருக்கான தடை 0.0000470 ஓம் வரும்படி கடத்துதிறனைத் தேடினால் 49.1 மெகா சீமென்ஸ் வருகிறது. இனி நேரோட்டத்தில் 7.52 சரியாகக் கிடைக்கும்.

மூன்றாவது காரணத்தை உங்கள் எண்களே சொல்லிவிடுகின்றன, பலர் அதைக் கவனிப்பதில்லை. நீங்கள் முதலில் வைத்திருந்த அமைப்பில் நேரோட்ட இழப்பு 6.36, 50 ஹேர்ட்ஸில் அதே கடத்தியின் இழப்பு 3.5. ஆடலோட்டத்தில் இழப்பு குறைய வழியே இல்லை. தோல் விளைவும் அண்மை விளைவும் தடையைக் கூட்டுமேயன்றிக் குறைக்கமாட்டா. ஆகவே பாதியாவதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். ஆடலோட்டக் கணக்கில் இந்த நிரல் நாம் கொடுக்கும் எண்ணை உச்சப் பெறுமானமாகக் கொள்கிறது. நாம் வழக்கமாகப் பேசும் 400 அம்பியர் இடைவர்க்க மூலப் பெறுமானம். உச்சம் 400 என்றால் இழப்பு பாதியாகிவிடும். 400 ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கி 565.7 என்று கொடுங்கள். மற்ற இரண்டுக்கும் −282.8 உம் அதனோடு 489.9 இன் கற்பனைப் பகுதியும்.

நான்காவது வெப்பநிலை. கைக்கணக்கை 90 பாகையில் செய்துவிட்டு, நிரலுக்கு 20 பாகைச் செம்பைக் கொடுத்திருக்கிறீர்கள். செம்பின் தடை ஒரு பாகைக்கு 0.393 சதவீதம் கூடுவதால், 70 பாகை ஏற்றத்துக்கு 1.275 ஆல் பிரிக்க வேண்டும். 49.1 என்பது 38.5 ஆகும். இதை மட்டும் மறந்தால் உங்களுக்கு 8.0 வாட் வந்து நின்றுவிடும், பிறகு தோல் விளைவுச் சூத்திரத்தைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

வெப்பநிலை கூடும்போது தோல் விளைவு குறையும் என்பதையும் அறிக்கையில் ஒரு வரியாக எழுதுங்கள். தடைத்திறன் கூடினால் தோல் ஆழமும் கூடும். மின்னோட்டம் கடத்தியின் நடுப்பகுதிவரை இன்னும் சமமாகப் பரவும். உங்கள் வடத்தில் 20 பாகையில் 3.6 சதவீதமாக இருந்த தோல் விளைவு 90 பாகையில் 2.2 ஆகிவிடுகிறது. வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்பார்கள்.

நிரலை மாற்ற வேண்டாம். விலைகூடிய நிரல்களில் சில கடத்துதிறனை மெகா இல்லாமல் நேராக சீமென்ஸில் கேட்கும். அங்கே போனால் 58 என்று கொடுத்து வேறொரு பிழையில் விழ நேரும். நீங்கள் கைக்கணக்கை முதலில் செய்து வைத்திருந்ததால்தான் இந்த நான்கும் வெளியே தெரிந்தன.


மன்னார்க் கரை எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். தங்கச்சி, உங்கள் இரண்டாவது கேள்விதான் இந்த வேலையின் உயிர்நாடி. நானும் சில ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் தடுமாறினேன். திரையில் ஓடாத மின்னோட்டம் ஓடுவதாக அறிக்கை எழுதிக் கொடுத்து, பிறகு அதைத் திருப்பிப் பெற வேண்டியதாயிற்று. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நிரலில் நீங்கள் வரைந்திருப்பது வடத்தின் குறுக்குவெட்டு மாத்திரமே. வடத்தின் முனை அந்தப் படத்தில் எங்கும் இல்லை. திரை எங்கே புவிக்குத் தொடுக்கப்பட்டது, எங்கே திறந்துவிடப்பட்டது என்பதெல்லாம் படத்தின் தளத்துக்கு வெளியே, வடம் போகும் திசையில், பல நூறு மீற்றர் தள்ளி நடக்கும் காரியங்கள். அவற்றை நீங்கள் எழுத்தில் கொடுக்காவிட்டால் நிரல் தானாக ஓர் அனுமானத்தை எடுத்துக்கொள்ளும். ஆடலோட்டக் கணக்கில், எந்தச் சுற்றிலும் சேர்க்கப்படாத கடத்தும் பகுதிகள் யாவும் முடிவிலியில் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை என்பதே அந்த அனுமானம். மின்னழுத்த வீழ்ச்சி பூச்சியம், மின்னோட்டம் விரும்பியபடி ஓடலாம். உங்கள் மூன்று திரைகளுக்கும் சுற்று எதையும் கொடுக்காமல் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் நிரல் கணித்தது இரு முனைகளும் புவித்தொடுப்புள்ள வடத்தை.

அந்த வடத்துக்கு 41.7 அம்பியர் சரியான விடைதான் என்பதைக் கையால் காட்டுகிறேன். திரைக்கும் கடத்திகளுக்கும் இடையிலான எதிர்த்தாக்கம், கோண மீடிறனை இருமடங்காக்கி, பத்தின் அடுக்கு மறை ஏழால் பெருக்கி, வட மையங்களின் இடைத்தூரத்தின் இருமடங்கைத் திரையின் விட்டத்தால் பிரித்துவரும் எண்ணின் இயற்கை மடக்கையாலும் பெருக்கினால் கிடைக்கும். 100 ஐ 44 ஆல் பிரித்தால் 2.27, அதன் மடக்கை 0.821. எதிர்த்தாக்கம் கிலோமீற்றருக்கு 0.0516 ஓம். திரையின் தடை கிலோமீற்றருக்கு 0.493 ஓம். இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.495. தூண்டப்படும் அழுத்தத்தை அதனால் பிரித்தால், கடத்தி மின்னோட்டத்தின் 10.4 சதவீதம் திரையில் ஓட வேண்டும். 400 இற்கு 41.7. நீங்கள் கண்ட அதே எண்.

ஒரு முனை மட்டும் தொடுக்கப்பட்ட வடத்துக்கு, ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியே ஒரு தொடர்ச்சுற்றை உருவாக்கி, அதில் மின்னோட்டம் பூச்சியம் என்று கொடுங்கள். சுற்று என்ற பெயரைப் பார்த்து, மின்னோட்டமே இல்லாதபோது இது எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பூச்சியம்தான் மறுமுனை திறந்திருக்கிறது என்ற செய்தி. மூன்றுக்கும் ஒரே சுற்றைக் கொடுத்தாலும் மின்னோட்டம் பூச்சியமாகும், ஆனால் அழுத்தங்கள் மூன்றும் சேர்ந்து ஒரே எண்ணாக வந்துவிடும். தனித்தனியாக வாசிக்க முடியாது. சரியாகச் செய்தால் ஒவ்வொரு திரைச் சுற்றிலும் மீற்றருக்கு 0.029 வோல்ட் உச்சம் காட்டும். இடைவர்க்க மூலமாக்கினால் கிலோமீற்றருக்கு 20.6 வோல்ட். 400 ஐ 0.0516 ஆல் பெருக்கினாலும் அதுவே வருவதால், இது உங்களுக்கு இரண்டாவது சரிபார்ப்பு.

இந்த அழுத்தத்தை அறிக்கையில் ஓர் எண்ணாக மட்டும் கடந்துவிடாதீர்கள். மூன்று கிலோமீற்றர் வடத்தின் திறந்த முனையில் முழுச்சுமையின்போது 62 வோல்ட் நிற்கும். குறுஞ்சுற்றில் 10 கிலோஅம்பியர் ஓடினால் அதே முனையில் கிலோமீற்றருக்கு 516 வோல்ட். அதனால்தான் திறந்த முனையில் அழுத்த மட்டுப்படுத்தி பொருத்துகிறார்கள். வடத்தின் முடிவுப்பெட்டியைத் திறந்து வேலை செய்பவர், திரை புவித்தொடுப்புள்ளதுதானே என்று நம்பித் திறந்த முனையைத் தொட்டுவிடக் கூடாது.

இரு முனைத் தொடுப்பையும் ஒப்பிட்டுக் காட்ட விரும்பினால், மூன்று திரைகளையும் ஒரே சமாந்தரச் சுற்றில் சேர்த்து மொத்தம் பூச்சியம் என்று கொடுப்பது நல்லது. சமநிலையான சுமைக்கு, சுற்றே கொடுக்காமல் விடும் இப்போதைய அமைப்பும் அதே விடையைத்தான் தரும். ஆனால் ஒரு கட்டம் புவியோடு குறுஞ்சுற்றாகும் நிலையை ஆராயப் போனால் இரண்டும் பிரிந்துவிடும். சுற்றில்லாத அமைப்பில் மின்னோட்டம் திரைகளுக்கு வெளியே, முடிவிலி வழியாகவும் திரும்பலாம். அப்போது உங்கள் எல்லை வட்டத்தின் ஆரையே விடையைத் தீர்மானிக்கத் தொடங்கும்.


பரந்தன் மாணவி எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கும் மன்னார் அண்ணாவுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சொன்ன ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாக மாற்றினேன். ஆழத்தை 1000 ஆக்கியதும் நேரோட்டத்தில் 6.36. கடத்துதிறனை 49.1 ஆக்கியதும் 7.52, கைக்கணக்கோடு அப்படியே பொருந்தியது. பிறகு 50 ஹேர்ட்ஸுக்குப் போய் 565.7 கொடுத்தபோது 8.0. கடைசியாக 38.5 கொடுத்தபோது 10.0 இற்கு ஒரு சதவீதத்துக்குள் வந்துவிட்டது. மூன்று வாரத்தில் முதன்முறையாக இரண்டு எண்களும் ஒரே வரியில் நின்றன. அந்தப் பக்கத்தை உடனே அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

திரைகளுக்கு மூன்று தொடர்ச்சுற்றுகளைப் பூச்சியத்தோடு கொடுத்தேன். மின்னோட்டம் பூச்சியமாகிவிட்டது, அழுத்தம் 0.029 வோல்ட் காட்டுகிறது. இன்னும் ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. திரையில் மின்னோட்டம் இல்லையென்றால் இழப்பும் இருக்கக் கூடாதல்லவா? திரையின் கடத்துதிறனை 20 பாகையிலேயே விட்டிருக்கிறேன். ஒவ்வொரு திரையிலும் மீற்றருக்கு ஏறத்தாழ 0.19 வாட் இழப்புக் காட்டுகிறது. மறுபடி எதையாவது தவறவிட்டேனா?


மன்னார்க் கரை எழுதியது:

தவறவிடவில்லை. பூச்சியம் என்பது திரையின் மொத்த மின்னோட்டம். வளையத்தின் ஒரு பக்கத்தில் முன்னே ஓடி மறுபக்கத்தில் பின்னே திரும்பும் சுழிப்பு மின்னோட்டத்தை அந்தக் கட்டுப்பாடு தடுப்பதில்லை, கூட்டினால் பூச்சியம்தான். பக்கத்து வடங்களின் புலம் வளையத்தின் இரு பக்கங்களிலும் ஒரே அளவு அழுத்தத்தைத் தூண்டாததால் அது உருவாகிறது. ஐ.ஈ.சி. 60287 இன் சுழிப்பு இழப்புச் சூத்திரத்தில் உங்கள் அளவுகளைப் போட்டால் கடத்தி இழப்பின் ஏறத்தாழ 2 சதவீதம், அதாவது 0.19 வாட்டுக்குக் கிட்ட வருகிறது. எனவே நீங்கள் வரைந்த வளையத்துக்கு நிரலின் விடை சரியே.

ஆனால் உங்கள் வடத்தில் இருப்பது வளையமல்ல, கம்பிகள். வெளியுறையை நீளவாக்கில் கீறி உரித்துப் பார்த்திருந்தால் தெரியும்: மெல்லிய செப்புக் கம்பிகள் ஒன்றுக்கொன்று சற்று இடைவிட்டு, வடத்தைச் சுற்றிச் சாய்வாக ஓடுகின்றன, அவற்றின் மேல் ஒரு மெல்லிய செப்பு நாடா எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருக்கும். ஒரு கம்பியில் விரலை வைத்துத் தொடர்ந்து போனால், பக்கத்து வடத்தை ஒட்டியிருந்த அதே கம்பி சற்றுத் தூரத்தில் மேற்புறம் வந்து, பிறகு எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. ஆகவே ஒரு முழுச்சுற்றில் எல்லாக் கம்பிகளும் ஒரே அளவு தூண்டலைப் பெறுகின்றன. ஒரு பக்கத்தில் போய் மறுபக்கத்தில் திரும்புவதற்கு அவற்றிடையே அழுத்த வேறுபாடு மிஞ்சுவதில்லை. ஈய உறையோ அலுமினிய உறையோ உள்ள வடத்தில் இந்தச் சுழிப்பு இழப்பு உண்மையாகவே இருக்கும். கம்பித் திரையில் வளையம் அதை மிகைப்படுத்திவிடுகிறது.

நேரம் இருந்தால் வளையத்தை அழித்துவிட்டு, 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள 45 கம்பிகளை வட்டமாக வையுங்கள். மொத்தப் பரப்பு 35.3 சதுர மில்லிமீற்றர் வரும். மூன்று வடங்களுக்கும் 135 கம்பிகளைக் கையால் வரைவது கடினம் என்பதால் நிரலோடு வரும் லுவா என்ற கணினி மொழியில் பத்துப் பன்னிரண்டு வரி எழுதினால் போதும். இங்கே அழுத்தம் தேவையில்லை என்பதால் 135 இற்கும் ஒரே தொடர்ச்சுற்று, மின்னோட்டம் பூச்சியம். தொடர்ச்சுற்றில் அந்தப் பூச்சியம் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியே பொருந்தும். கம்பியின் கடத்துதிறனாக இப்போது முழு 58 ஐயே கொடுங்கள், 14.7 ஐ மாற்றாமல் வைத்துவிடாதீர்கள்.


பரந்தன் மாணவி எழுதியது:

நேற்று இரவு லுவாவில் எழுதி ஓட்டினேன். முதல் முறை 14.7 ஐ மாற்ற மறந்துவிட்டேன். உங்கள் கடைசி வரியைத் திரும்பப் படித்த பிறகு திருத்தினேன். திரை இழப்பு வளையத்தில் வந்ததோடு ஒப்பிட்டால் இல்லையென்றே சொல்லும் அளவுக்கு இறங்கிவிட்டது. கடத்தி இழப்பு மாறவில்லை. இரு முனைத் தொடுப்பையும் வளையத்தோடு சமாந்தரச் சுற்றில் ஓட்டினேன். 20 பாகையில் சுற்றோட்டத்துக்கு மட்டும் கைக்கணக்கில் ஒரு திரைக்கு மீற்றருக்கு 0.86 வாட் வருகிறது, மூன்று திரைகளுக்கும் கிலோமீற்றருக்கு 2.6 கிலோவாட். நிரல் இதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது அதே வளையத்தின் சுழிப்பு இழப்பால்தான் என்பது இப்போது விளங்குகிறது. மூன்று நிலைகளையும் பக்கத்துப் பக்கம் வைத்து, ஒவ்வொன்றிலும் திரைகளுக்கு எந்தச் சுற்றைக் கொடுத்தேன் என்பதை அட்டவணையின் முதல் நெடுவரிசையில் எழுதியிருக்கிறேன்.